லட்ச ரூபாய்க்கு ஒரு கிட்டார்... வாங்கலாமா, வேணாமா?

நாகலாபுரம் எங்கே இருக்குன்னு கேட்டா உங்கள்ல பாதிப் பேர் மேப்பைத்தான் தேடுவீங்க. தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் பக்கம். கம்பு, சோளம், மிளகாய், பருத்தின்னு வானத்தை நம்பி விதைக்கிற கரிசல் பூமி. அந்த ஊர் நண்பர் ஒருத்தர்கிட்டேயிருந்து இந்த வாரம் நாலு பக்கத்துக்கு ஒரு கடிதம்!

மேட்டர் இதுதான். அவர் டிகிரி ஃபைனல் இயர். கேம்பஸ்ல வேலை கிடைச்சாச்சு. ஜூன் மாசம் சென்னைக்குக் கிளம்பணும். அஞ்சு வருஷமா சர்ச் கொயர்லயும் கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகள்லயும் கிட்டார் வாசிக்கிறார். கையில இருக்கிறது பழைய பிளைவுட் கிட்டார். மனசுல இருக்கிறது வேற. ஒரே ஆள் பட்டறையில உக்காந்து, மரம் அறுக்கிறதுலேர்ந்து பாலிஷ் வரைக்கும் தன் கையாலேயே செஞ்சு தர்ற ஹேண்ட்மேட் அகூஸ்டிக் கிட்டார். விலை ஒண்ணரை லட்சம். வாசிச்சு சேர்த்த காசு அறுபதாயிரம். மிச்சத்துக்குத் தன் செயினை அடகு வெச்சுக்கச் சொல்லி அம்மா சொல்லிட்டாங்களாம். அப்பா மட்டும் வாயே திறக்கலையாம். வாங்கட்டுமா, வேணாமா, பளிச்னு சொல்லுங்கன்னு கேட்டு முடிச்சிருக்கார்.

பளிச்னு சொல்லிடலாம்தான். ஆனா, அந்த ஒண்ணரை லட்சம் எது எதுக்குப் போகுதுன்னு தெரியாம சொன்னா, அது அட்வைஸ் இல்ல... சீட்டுக் குலுக்கல். அதனால, முதல்ல கணக்குப் பார்ப்போம். அப்புறம் தீர்ப்பு. ஓகேவா?

வெட்டிச் செலவா?

இதே ஒண்ணரை லட்சத்துக்கு பைக் எடுக்கிறேன்னு சொல்லிப் பாருங்க. தெருவே வந்து வாழ்த்தும். மாலை போட்டு போட்டோ எடுப்பாங்க. அஞ்சு வருஷத்துல அந்த பைக் பாதி விலைக்குக் கூடப் போகாதுங்கிறது யாருக்கும் உறுத்தாது. கிட்டார்னு சொன்னா மட்டும், ‘வேலைவெட்டியைப் பாருடா’ன்னு ஆரம்பிச்சுடுவாங்க.

கரிசக்காட்டுக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம்னு யாராவது கேட்டா, பக்கத்துல இருக்கிற எட்டயபுரத்தைக் காட்டுங்க. கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள்ல ஒருத்தரான முத்துஸ்வாமி தீட்சிதர் வீணை வாசிக்கிறதுல கெட்டிக்காரர். அவர் கடைசிக் காலத்தைக் கழிச்சதும், 1835-ல் காலமானதும் எட்டயபுரத்துலதான். அவரோட வம்சத்துல வந்த சுப்பராம தீட்சிதர் கீர்த்தனைகளையெல்லாம் ஸ்வரப்படுத்தித் தொகுத்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904-ல் அச்சானதும் அதே ஊர்லதான். விளாத்திகுளம் சுவாமிகள்னு பேர் வாங்கின நல்லப்பசாமி, ராக ஆலாபனைக்குப் பேர் போன வித்வான். மழை கம்மியான மண்ணுதான்... ஆனா, சங்கீதத்துக்குப் பஞ்சம் வந்ததில்லை.

அதனால நாகலாபுரம் நண்பரே, உங்க ஆசைக்காக நீங்க கூச்சப்பட வேண்டியதே இல்ல. கேள்வி ஆசையைப் பத்தினது இல்ல, காசைப் பத்தினது!

நாசரேத்துக்குப் போன ஈட்டி மரம்

ஹேண்ட்மேட் கிட்டார் விக்கிறவங்க முதல்ல எடுத்து விடுற வார்த்தை ‘ரோஸ்வுட்’. கிட்டாரோட முதுகும் பக்கவாட்டுப் பலகையும் ரோஸ்வுட்ல இருந்தா விலை சர்ருன்னு ஏறும். ஏதோ சீமைச் சரக்குன்னு நினைச்சுடாதீங்க. இந்தியன் ரோஸ்வுட்னு உலகமே கொண்டாடுறது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற ஈட்டி மரம்தான். தோதகத்தின்னும் சொல்வாங்க. பழைய வீடுகள்ல கட்டில், பீரோவா நிக்குதே... அதே மரம்!

இதுக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு. 1833-ல் ஆரம்பிச்ச அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனிதான் அகூஸ்டிக் கிட்டார்கள்ல பெரிய தலைக்கட்டு. அவங்க ஃபேக்டரி இருக்கிற ஊர் பேர் நாசரேத். நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்லீங்க, பென்சில்வேனியா மாநிலத்து நாசரேத்! ரொம்ப காலமா பிரேசில் ரோஸ்வுட்லதான் தங்களோட உசத்தி கிட்டார்களைச் செஞ்சாங்க. 1960-கள்ல பிரேசில் தன் மரத்தை முழுசா வெளியே அனுப்பக் கட்டுப்பாடு போட்டதும் தடுமாறிப்போய், 1969-ல் இந்திய ஈட்டிக்கு மாறினாங்க. அப்புறம் மத்தவங்களும் அதே வழிதான்.

பிரேசில் மரம் 1992-ல் உலகச் சந்தையில கிட்டத்தட்ட முழுத் தடைக்குள்ள போயிடுச்சு. நம்ம ஈட்டியைக் காப்பாத்த தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே போட்டுச்சு. 2017 ஜனவரியில ஈட்டி இனம் மொத்தமும் சைட்டிஸ்ங்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் கண்காணிப்புப் பட்டியல்ல சேர, கிட்டாரைத் தூக்கிக்கிட்டு நாடு விட்டு நாடு கச்சேரிக்குப் போறவங்களே ‘பேப்பர் எங்கே?’ன்னு பயந்தாங்க. 2019 நவம்பர்லதான் செஞ்சு முடிச்ச இசைக் கருவிகளுக்கு அதுலேர்ந்து விலக்கு வந்துச்சு.

கருங்காலி கதையும் கிட்டத்தட்ட இதேதான். விரல் ஓடுற பலகைக்கு உசத்தி மரம் கருங்காலி. கழுத்துல கருங்காலி மாலை போட்டுக்கிற சீஸன் ஆச்சே இது... கிட்டாருக்கும் கருங்காலி கழுத்துலதான்!

ஆக, கிடைக்கிறது கஷ்டம், அதனால விலை ஜாஸ்தி. இதுவரைக்கும் நியாயம். ஆனா, விலை ஜாஸ்தின்னா சத்தமும் ஜாஸ்தியா நல்லா இருக்குமா? அங்கேதான் ட்விஸ்ட்!

கண்ணைக் கட்டி ஒரு டெஸ்ட்

2018-ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆட்கள் ஒரு வேலை பண்ணினாங்க. ஒரே டிசைன்ல, ஒரே பட்டறையில ஆறு கிட்டார் செய்ய வெச்சாங்க. முதுகுக்கும் பக்கப் பலகைக்கும் போட்ட மரம் மட்டும் ஆறுலயும் வேற வேற. பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட்லேர்ந்து விலை குறைஞ்ச மரம் வரைக்கும் எல்லாம் உண்டு. 52 கிட்டார் கலைஞர்களைக் கூப்பிட்டு, வெளிச்சத்தைக் குறைச்சு, வெல்டிங் பட்டறையில போடுற கண்ணாடியை மாட்டிவிட்டு வாசிக்கச் சொன்னாங்க. எந்த மரம்னு கண்ணால கண்டுபிடிச்சுடக் கூடாதுல்ல?

ரிசல்ட்? ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். இதுதான் உசத்தி மரம்னு யாராலயும் நம்பிச் சொல்ல முடியல.

இது புதுச் சமாசாரமும் இல்ல. இன்னைக்கு இருக்கிற கிளாசிக்கல் கிட்டாருக்கு உருவம் கொடுத்த ஸ்பெயின்காரர் அந்தோனியோ தெ தோரஸ், 1862-லேயே முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழ்ல செஞ்சு ஒரு கிட்டார் பண்ணினார். ஆமாங்க, கொலு பொம்மை செய்வாங்களே... அதே காகிதக் கூழ்! சத்தத்தின் உயிர் முன்பலகையிலதான் இருக்குன்னு காட்டத்தான் அப்படிச் செஞ்சார். 1995-ல் அமெரிக்காவின் பாப் டெய்லர் இன்னும் ஒருபடி மேலே போனார். சரக்கு இறக்கினதும் தூக்கிப் போடுற பேலட் பலகைகளைப் பொறுக்கி, அதுலேயே ஒரு அழகான கிட்டாரைச் செஞ்சு காட்டினார். மரத்தைவிடச் செய்யற கை முக்கியம்னு சொல்லாம சொன்னார்.

அப்போ காசு எதுக்கு?

‘அப்ப பிளைவுட் கிட்டாரே போதுமே பாஸ்’னு அவசரப்படாதீங்க. முதுகுக்கு எந்த மரம்ங்கிறதுதான் அவ்வளவு முக்கியம் இல்ல. முன்பலகை, அதாவது ‘டாப்’, ரொம்ப ரொம்ப முக்கியம்.

ஸ்டீல் கம்பி போட்ட கிட்டார்ல ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ கனத்துக்கு இழுக்கும். ஒரு ஆளே எந்நேரமும் தொங்கிக்கிட்டு இருக்கிற மாதிரி. அதைத் தாங்குற டாப்போட கனம் மூணு மில்லிமீட்டருக்குள்ளதான்! கொஞ்சம் தடிமனா விட்டா ஒடையாது. ஆனா, மரக்கட்டையைத் தட்டுற மாதிரி ஊமைச் சத்தம். ரொம்ப இழைச்சுட்டா சத்தம் பிரமாதம். ஆனா, கொஞ்ச நாள்ல வயிறு உப்பிடும். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு மயிரிழை இருக்கே... அதைப் பிடிக்கத்தான் கைவினைஞர் வேணும்.

ஃபேக்டரியில எல்லாப் பலகைக்கும் ஒரே அளவு. ஆனா, ஒரே மரத்துல அறுத்த ரெண்டு பலகைகூட ஒரே மாதிரி இருக்காது. கையால செய்யறவர் பலகையைத் தட்டிக் கேட்டு, வளைச்சுப் பார்த்து, இழைச்சு, மறுபடி தட்டிக் கேட்டு... உள்ளே தாங்குகட்டைகளை ஒட்டி, அதையும் சீவி... இப்படி வாரக்கணக்குல, மாசக்கணக்குல நடக்கிற வேலை அது. உங்க கைக்கு ஏத்த மாதிரி கழுத்தோட அகலம், வாசிக்கிற ஸ்டைலுக்கு ஏத்த உடம்பு சைஸ்னு அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி கிடைக்கும். நீங்க கொடுக்கிற காசு இந்த நேரத்துக்கும் அந்தக் காதுக்கும்தான்.

நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. தஞ்சாவூர் வீணையைப் பாருங்க. பலா மரத்துல குடைஞ்சு, 24 மெட்டுகளை மெழுகுல பதிச்சு, ஒவ்வொண்ணையும் காதால கேட்டு இடம் பார்த்து வைக்கிற வேலை. 2013-ல் புவிசார் குறியீடு வாங்கின வாத்தியம். வீணை வாங்கணும்னா அந்தக் காலத்துல கேட்டலாக் பார்த்தா வாங்கினாங்க? செய்யறவர் வீட்டுத் திண்ணையில உக்காந்து, தடவிப் பார்த்து, வாசிச்சுப் பார்த்துத்தான் வாங்கினாங்க. கிட்டாருக்கும் அதே ரூல்தான். ஆரோவில்லில் பட்டறை போட்டு, கையாலேயே கிட்டார் செஞ்சு பேர் வாங்கின எரிசா நியோகி மாதிரி ஆட்கள் நம்ம பக்கத்துலயும் உண்டு. எல்லாத்துக்கும் அமெரிக்கா போக வேண்டியது இல்ல.

கரிசல் வெடிக்கும்... கிட்டாரும்!

விக்கிறவங்க சாதாரணமா சொல்லாத ஒரு விஷயத்தை நாகலாபுரம்காரர் சட்டுனு புரிஞ்சுக்குவார். கோடையில கரிசக்காடு எப்படி இருக்கும்? பாளம் பாளமா வெடிச்சு, கையை உள்ளே விடலாம் போல இருக்கும். ஐப்பசி மழை விழுந்ததும் அதே மண்ணு தண்ணியைக் குடிச்சு உப்பி, வெடிப்பெல்லாம் மூடிக்கும்.

அசல் மரப் பலகையும் அதே ஜாதிதான். காத்துல ஈரம் குறைஞ்சா சுருங்கும், கூடினா உப்பும். அதுவும் நார் ஓடுற வாக்குல இல்ல, குறுக்கு வாட்டத்துல. பிளைவுட்ல அடுக்குகளை மாத்தி மாத்தி ஒட்டியிருக்கிறதால இந்தத் தொல்லை கம்மி. அதனாலதான் ரிசப்ஷன் மேடை, வேன் டாப்னு எங்கே போட்டாலும் பிளைவுட் கிட்டார் தாக்குப் பிடிக்குது. உசத்தி கிட்டார் அப்படி இல்ல. காத்துல ஈரப்பதம் 45-லேர்ந்து 55 சதவிகிதத்துக்குள்ள இருந்தாத்தான் அதுக்கு சுகம். வெயில் காலத்துல காஞ்ச மேகாத்து வீசும்போது ஓட்டு வீட்டுச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி வெச்சீங்கன்னா, ஒருநாள் ‘டப்’னு ஒரு சத்தம் கேக்கும். அது பாட்டு இல்ல... டாப்ல விழுந்த விரிசல்!

வெடிக்கிறதுக்கு முன்னாடியே அது சொல்லிடும். கழுத்தோட விளிம்புல ஃப்ரெட் கம்பியின் முனை கையில குத்துதா? விரல் பலகை காஞ்சு சுருங்குதுன்னு அர்த்தம். கம்பி இறங்கிப் போய் ‘ஜிர்ர்’னு அடிக்குதா? டாப் உள்வாங்குது. மழைக்காலத்துல கம்பி மேலே ஏறி, அமுக்க முடியலையா? டாப் உப்பிடுச்சு.

வைத்தியம் சிம்பிள். கிட்டார் எப்பவும் அதோட பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். ஒரு சோப்பு டப்பாவுல நாலைஞ்சு ஓட்டை போட்டு, நனைச்சு நல்லாப் பிழிஞ்ச ஸ்பாஞ்சை உள்ளே வெச்சு, பெட்டிக்குள்ள போட்டுடுங்க. ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதையும் பக்கத்துல வைங்க. மழைக்காலத்துல ஸ்பாஞ்சை எடுத்துடுங்க. வெயில்ல நிறுத்தின காருக்குள்ளயும் பஸ் மேலேயும் மட்டும் வைக்கவே வைக்காதீங்க.

ஊர்ல ஒரு காத்து, சென்னையில கடல் காத்து. மேன்ஷன்ல நாலு பேரோட ஒரு ரூம்ல தங்கப்போற முதல் வருஷத்துல இதையெல்லாம் பார்த்துக்க முடியுமான்னு யோசிச்சுக்குங்க.

சரி, தீர்ப்பு!

நாகலாபுரம் நண்பரே... கிட்டார் வாங்குங்க. ஆனா, இப்ப வேணாம். அம்மாவோட செயினை வெச்சு வேணவே வேணாம்.

காரணம் சென்டிமென்ட் இல்ல, கணக்கு. மானாவாரிக் காட்டுல அந்தச் செயின் வெறும் நகை இல்லைன்னு என்னைவிட உங்களுக்குத் தெரியும். மழை பொய்க்கிற வருஷம் விதைக்கும் உரத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதுதான் பேங்க். அப்பா பேசாம இருக்கிறது ஒருவேளை கிட்டார் பிடிக்காததால இல்லாம, அந்தக் கணக்கு மனசுல ஓடுறதாலயும் இருக்கலாம். முதல் சம்பளத்துலயே திருப்பிடலாம்னு நினைக்கிறது எல்லாரும் போடுற கணக்குதான். ரூம் அட்வான்ஸ், மெஸ், ட்ரெயின் டிக்கெட், ஆபீஸ் போக நாலு நல்ல சட்டைன்னு முதல் ஆறு மாசம் எப்படி ஓடும்னு சீனியர்களைக் கேட்டுப் பாருங்க. அந்தப் பக்கம் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும்.

அதோட, நல்ல கைவினைஞர்கிட்ட ஆர்டர் கொடுத்தா எப்படியும் மாசக்கணக்குல காத்திருக்கணும். அந்தக் காத்திருப்பைக் கொஞ்சம் முன்கூட்டியே ஆரம்பிச்சதா வெச்சுக்குங்க. அறுபதாயிரத்தைத் தொடாம பேங்க்ல போட்டு வைங்க. மாசாமாசம் சம்பளத்துலேர்ந்து ஒரு தொகை சேருங்க. கிட்டாரோட முழு விலையும் உங்க பேர்ல சேர்ந்த அன்னைக்கு அட்வான்ஸ் கொடுங்க. அதுக்குள்ள சென்னையில கடை கடையா ஏறி, விதவிதமான கிட்டார்களை வாசிச்சுப் பாருங்க. இன்னைக்கு உங்களுக்கு வேண்டியது ‘ஹேண்ட்மேட்’. ஒரு வருஷம் வாசிச்சுப் பார்த்த பிறகு உங்களுக்கு வேண்டியது ‘அகலக் கழுத்து, சின்ன உடம்பு, மெதுவாத் தொட்டாலும் பேசுற டாப்’னு தெளிவாகிடும். ரெண்டாவது சொல்றவருக்குத்தான் கைவினைஞர் நல்ல கிட்டார் செஞ்சு கொடுக்க முடியும்.

அதுவரைக்கும்? கையில இருக்கிற பிளைவுட் கிட்டாரை நல்ல ரிப்பேர்காரர்கிட்ட கொடுத்து ‘செட்டப்’ பண்ணிக்குங்க. கம்பி மாத்தி, உயரத்தைச் சரிபண்ணி, ஃப்ரெட்டைச் சமன்படுத்தினா ‘இது நம்ம கிட்டாரா?’ன்னு நீங்களே ஆச்சரியப்படுவீங்க. அப்படியும் போதலையா? டாப் மட்டும் அசல் மரத்துல செஞ்ச ‘சாலிட் டாப்’ ஃபேக்டரி கிட்டார், நீங்க சொல்ற விலையில சின்னப் பங்குக்கே கிடைக்கும். ரிசப்ஷன் மேடைக்கு அதுவே தாராளம்.

ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னாடி...

இது நாகலாபுரத்துக்கு மட்டும் இல்ல, ஆசைப்படுற எல்லாருக்கும்!

* அவர் செஞ்ச கிட்டாரை ரெண்டு மூணாவது வாசிச்சுப் பார்க்காம பணம் கொடுக்காதீங்க. வீடியோவுல எல்லா கிட்டாரும் இனிக்கும்.

* மூணு நாலு வருஷத்துக்கு முன்னாடி அவர்கிட்ட வாங்கினவங்களைத் தேடிப் பேசுங்க. கழுத்து நேரா இருக்கா, டாப் உப்பியிருக்கா, ரிப்பேர்னு போனா முகம் கொடுக்கிறாரான்னு கேளுங்க.

* மரத்தோட பேரைக் கேக்கிறதுக்கு முன்னாடி, அது எத்தனை வருஷம் காஞ்ச மரம்னு கேளுங்க. பச்சை மரம் எவ்வளவு உசத்தி மரமா இருந்தாலும் கழுத்தறுக்கும்.

* உங்க ஊர் வெயிலைச் சொல்லுங்க. எந்த ஈரப்பதத்துல வெச்சு ஒட்டுறார், கோடையில விரிசல் விட்டா யார் பொறுப்புன்னு எழுத்துல வாங்கிக்குங்க.

* அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எப்போ, டெலிவரி எப்போன்னு தேதியோட பேசுங்க. நல்ல ஹார்டு கேஸ் விலையில சேருமான்னும் கேட்டுடுங்க.

* வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சா கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாருங்க. ரிப்பேர்னா திருப்பி அனுப்புற செலவும் உங்களுதுதான்.

* விக்கணும்னா என்ன ஆகும்னும் யோசிங்க. பெரிய கம்பெனி பேர் இருந்தா பழசுக்கும் ஆள் வரும். பேர் தெரியாத பட்டறை கிட்டார் எவ்வளவு நல்லதா இருந்தாலும் வாங்குறதுக்கு ஆள் தேடணும். அதனால, வாசிக்கத்தான் வாங்கணும். முதலீடுன்னு யாராவது சொன்னா, சிரிச்சுட்டு நகர்ந்துடுங்க.

அடுத்த வாரம் வேற ஒரு மேட்டரோட வர்றேன். அதுக்குள்ள ஒரு சின்ன வேலை... உங்க ஊர்ல வீணையோ, தவிலோ, நாகஸ்வரமோ, பறையோ, கிட்டாரோ, கையால வாத்தியம் செய்யறவர் யாராவது இருக்காரா? ஒருநாள் போய் அவர் பட்டறையில உக்காந்து பாருங்க. ஒரு பலகையை எதுக்காக எத்தனை தடவை தட்டிக் கேக்கிறார்னு பார்த்துட்டு வந்து எழுதுங்க!